பச்சோந்திக்குப் பலகாரம்

சென்ற தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில் எமக்குக் கனடாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவள் பத்து வயதுச் சிறுமி. அவளுடைய தந்தையார் ஒரு காலத்தில் எம்மிடம் உயிரியல் படித்தவர். இப்பொழுது ரொறன்ரோ நகரிற் குடும்பத்தோடு வாழ்கின்றார். கடிதம் முழுவதும் தமிழிலேயே இருந்தது. எழுத்துக்கள் சில நிலைதடுமாறி நின்றனவாயினும் பொருள் தெளிவாகவே விளங்கிற்று. "அப்பாவின் மாஸ்ரருக்கு வணக்கம்" என்று தொடங்கி, தன் வீட்டில் ஒரு பச்சோந்தி வளர்வதையும், அதற்கு மரகதம் என்று பெயர் சூட்டியிருப்பதையும் விரிவாக எழுதிவிட்டு, ஈற்றில் இவ்வாறு கேட்டிருந்தாள்: "தீபாவளிக்கு எங்கள் எல்லோருக்கும் பலகாரம் உண்டு. மரகதத்துக்கு எந்தப் பூச்சியைப் பலகாரமாகக் கொடுக்கலாம்?"

கடிதத்தின் அடியிலே தந்தையார் தம் கையால் நாலு வரி சேர்த்திருந்தார். "இப்பொழுது அது சில்லூறுகளைத் தொடுவதேயில்லை. மெழுகுப் புழுவைக் கையிற் பிடித்து வாயருகே நீட்டினால் மாத்திரம் தின்கிறது. செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோம் போலும். முன்னங்கால் ஒன்று சற்று வளைந்ததுபோலத் தெரிகிறது. வளரும் பருவத்தில் அப்படித்தான் இருக்குமோ?"

சிறுமியின் கேள்வி எமக்கு நகையை விளைத்தது. தந்தையாரின் நாலு வரியோ எம்மை நித்திரை கொள்ளவிடவில்லை. கடிதத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க அவகாசம் இல்லையென்று கண்டு, அன்றிரவே தொலைபேசியில் அழைத்து, ஊர்வனவற்றுக்கு வைத்தியம் செய்யும் மிருக வைத்தியர் ஒருவரிடம் மறுநாளே அதனைக் கொண்டுபோகும்படி சொன்னோம். எதற்காக அவ்வளவு அவசரப்பட்டோம் என்பதைப் பின்னர் கூறுவோம்.

எம் நாட்டிற் பச்சோந்தி என்னும் சொல் தோட்டந்துரவுகளிலும் பார்க்க அரசியல் மேடைகளிலேயே அதிகம் வழங்குகின்றது. கட்சி மாறியவரைப் பச்சோந்தி என்கின்றோம். இஃது அந்தப் பிராணிக்குச் செய்யும் அநீதியாகும். இலையிலே இருந்தால் இலையின் நிறமும், பட்டையிலே இருந்தாற் பட்டையின் நிறமும் அதற்கு வந்துவிடும் என்பது பெரும்பாலும் கட்டுக்கதை. வெயில், குளிர், கோபம், அச்சம், துணை தேடும் வேட்கை ஆகியவற்றுக்கேற்பவே அதன் நிறம் மாறுகின்றது. தோலின் கலங்களுள் அடுக்கடுக்காய் அமைந்த மிக நுண்ணிய குவனீன் பளிங்குகள் நெருங்கியும் விலகியும் ஒளியைத் தெறிக்கச் செய்கின்றன என்பதை, மடகஸ்காரின் சிறுத்தைப் பச்சோந்தியை ஆராய்ந்து 2015ஆம் ஆண்டிற் செனீவாப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்டனர். ஆகவே பச்சோந்தி தன் உள்ளக் கிடக்கையை மறைப்பதன்று. உடம்பெங்கும் எழுதிக் காட்டுவது. மேடைப் பேச்சாளர் வேறு உவமை தேடிக்கொள்வாராக.

வேலியில் ஏறித் தலையாட்டும் ஓணானைப் பச்சோந்தி என்று எண்ணுவாரும் உளர். உண்மைப் பச்சோந்தியின் விரல்கள் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து குறடுபோற் கொம்பைப் பற்றும். வால் சுருள்வில்போற் சுருளும். கண்கள் ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக வெவ்வேறு திசை நோக்கும். இந்தியாவிலும் இலங்கையின் வரண்ட பிரதேசங்களிலும் வாழும் இனம் ஒன்றுண்டு. அதற்கு விஞ்ஞானிகள் இட்ட பெயரிலேயே இலங்கையின் பெயர் இருக்கின்றது. அதனைப் பிடித்து வீட்டில் அடைத்தல் எம் நாட்டிற் சட்டப்படி குற்றம். மாணவர்கள் இக்கட்டுரையைப் படித்துவிட்டுத் தடியும் பையுமாகப் பற்றைக்குள் இறங்கவேண்டாம். கண்டால் நின்று பார்த்துவிட்டு வருவதே தகும்.

மரகதம் அவ்வினத்தைச் சேர்ந்ததன்று. மேலைநாட்டு வீடுகளில் வளர்பவற்றுட் பெரும்பாலானவை யேமன் நாட்டையும் சவூதி அரேபியாவின் தென்மேற்கு மலைகளையும் தாயகமாக உடைய ஓரினம். தலையிலே முடிபோல உயர்ந்த ஒரு கொண்டை அதற்கு உண்டு. கூட்டிலேயே பொரித்து வளர்க்கப்பட்ட குஞ்சுகளாகவே அவை கடைக்கு வருகின்றன.

சைவக் குடும்பங்களில் இங்கே ஓர் இடர்ப்பாடு எழும். பச்சோந்தி அசைவதையே இரையென்று அறியும். செத்த பூச்சியைத் தட்டில் இட்டால் அதனைப் பெரும்பாலும் திரும்பியும் பாராது. ஆகவே அதனை வளர்ப்பவர் நாள்தோறும் உயிருள்ள பூச்சிகளைப் பலியிடத் துணியவேண்டும். தம் வீட்டில் மச்சம் சமைப்பதில்லையென்றும், தாயார் பூச்சிப் பெட்டி இருக்கும் அறைப்பக்கமே போவதில்லையென்றும் சிறுமி எழுதியிருந்தாள். எம்மைக் கேட்டால், அந்த அம்மையாரிடம் குறை காண மாட்டோம். யேமன் நாட்டினம் சிறிது இலையும் தின்னுமாயினும் இலையை மாத்திரம் தின்று உயிர்வாழாது. பூச்சியிடத்து இரக்கம் மிகுந்தவர்கள் முயல் வளர்ப்பது நன்று. பச்சோந்தியை வாங்கிவிட்டு அதற்குச் சைவம் பழக்குவது இரக்கமாகாது. இரண்டு உயிருக்கும் தீங்காகும்.

இனிச் சோறும் பலகாரமும் பற்றிப் பார்ப்போம். எமக்குச் சோறு எப்படியோ, கூட்டுப் பச்சோந்திக்குச் சில்லூறு அப்படி. சுவர்க்கோழி என்று சிலர் சொல்லும் அதே பூச்சிதான். அதனைப் பண்ணைகளில் இலட்சக்கணக்கில் வளர்த்து விற்கின்றார்கள். 2009, 2010ஆம் ஆண்டுகளில் ஒரு வைரசு நோய் பரவி வட அமெரிக்கப் பண்ணைகள் பலவற்றை வெறுமையாக்கியது. அதன்பின் வேறு இனச் சில்லூறுகளும் சந்தைக்கு வந்தன. ஒன்றையே நம்பியிருப்பது வளர்ப்பவருக்கும் நல்லதன்று, வளர்வதற்கும் நல்லதன்று.

பூச்சிகளில் என்ன சத்து எவ்வளவு உண்டென்பதை மார்க் ஃபின்கே என்னும் அமெரிக்க விஞ்ஞானி முறையாக அளந்து 2002இல் வெளியிட்டார். அவருடைய கணக்கின்படி நூறு கிராம் சில்லூற்றில் ஏறக்குறைய 7 கிராம் கொழுப்பு உண்டு. மாவண்டின் புழுவில் 13 கிராம். தேன்கூட்டு மெழுகைத் தின்று வாழும் அந்தின் புழுவாகிய மெழுகுப் புழுவிலோ 25 கிராம்! அதாவது காற்பங்கு கொழுப்பு. பட்டுப்புழுவில் ஒன்றரைக் கிராமுந் தேறாது. மெழுகுப் புழுவை எண்ணெயிற் பொரித்த முறுக்கென்றாற் பட்டுப்புழுவை இடியப்பம் எனலாம்.

கொழுப்பிலும் முக்கியமான கணக்கு ஒன்றுண்டு. எலும்புக்கு வேண்டிய கல்சியம் உணவிலே பொசுபரசிலும் சற்று மிகுந்திருத்தல் வேண்டும். சில்லூற்றிலோ கல்சியம் ஒரு பங்காயிற் பொசுபரசு ஏழு பங்கு. மெழுகுப் புழுவில் எட்டுப் பங்கு. மாவண்டின் புழுவிற் பதினேழு பங்கு வரை போகும். கழிவுகளைத் தின்று வளரும் கறுப்புச் சிப்பாய் ஈ என்னும் ஓர் ஈயின் புழு மாத்திரம் இதற்கு விலக்கு. 2013இல் அதே விஞ்ஞானி வெளியிட்ட கணக்கில், அப்புழுவிலே கல்சியம் பொசுபரசின் இரண்டரை மடங்காக இருந்தது.

ஆகவே கடையில் வாங்கிய பூச்சியை வாங்கியபடியே கூட்டுக்குள் விடுவது வெறுங் கோதைக் கொடுப்பது போலாகும். முதலிற் பூச்சிக்கு விருந்து வைக்கவேண்டும். ஒரு நாளாவது அதற்குக் கீரையும் கரட்டும் தோடம்பழத் துண்டும் கொடுத்து வயிற்றை நிரப்பிய பின்னரே அது பச்சோந்திக்கு உணவாகத் தக்கது. பின்னர் ஒரு பையிலிட்டுக் கல்சியத் தூளிற் குலுக்கி எடுப்பார்கள். பச்சோந்தியின் இரு கண்களுக்கும் இடையிலுள்ள அகலத்திலும் நீண்ட பூச்சி ஆகாது. வளர்ந்த பச்சோந்திக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஐந்தாறு பூச்சி போதும். அளவுக்கு மிஞ்சி ஊட்டினாற் பெண்ணினம் ஆண்துணை இன்றியே ஒரே ஈற்றில் ஐம்பது அறுபது முட்டை இட்டுத் தன் எலும்பிலுள்ள கல்சியத்தையும் அதற்கே செலவழித்துவிடும். மரகதமும் பெண்தான்.

பலகாரம் எது? கடைக்காரரைக் கேட்டால் மெழுகுப் புழு என்பார். வெண்மையும் மென்மையுமாய்க் கொழுத்திருக்கும். பச்சோந்தி விரும்பித் தின்னும். பிள்ளைகளுக்கும் கொடுப்பது எளிது. வாரத்தில் ஒன்றிரண்டுக்கு மேற் கொடாவிடின் தீங்கில்லை. முட்டையிட்டு மெலிந்துபோன பெண்ணுக்குச் சில நாட்கள் கொடுப்பது நல்லதும் ஆகும். மருந்து ஊட்டவேண்டிய வேளையிலும், கூட்டைத் துப்புரவாக்கக் கைக்கு அழைக்கும் வேளையிலும் அதனைப்போல உதவுவது வேறில்லை.

ஆனால் எம் கருத்து வேறு. பச்சோந்தியின் களிப்பு நாவின் சுவையிலும் பார்க்கக் கண்ணின் வேட்டையிலேயே பெரிதும் இருக்கின்றது என்று எண்ணுகின்றோம். காட்டிலே அது ஈயையும் தேனீயையும் குளவியையும் வெட்டுக்கிளியையும் பதுங்கியிருந்து பிடிக்கின்றது. ஒரு கண்ணாற் காண்கின்றது. இரு கண்ணையும் ஒன்றாய்த் திருப்பித் தூரத்தைக் கணிக்கின்றது. வாயைச் சற்றே திறக்கின்றது. அடுத்த கணம் உடம்பின் நீளத்திலும் ஒன்றரை மடங்குக்கு நாக்கு பாய்ந்துவிடுகின்றது. அந்நாவினுள்ளே, ஒரு முள்ளென்பைச் சுற்றி மெல்லிய உறைகள் வில்லின் நாண்போல முன்கூட்டியே இழுத்துச் சுருட்டப்பட்டிருக்கின்றன; விட்டவுடன் பாய்கின்றன. இதனை ஒல்லாந்து தேசத்து ஆய்வாளர் இருவர் 2004இல் விளக்கினர். நுனியிலுள்ள எச்சில் மனிதர் எச்சிலிலும் நானூறு மடங்கு தடித்தது என்று 2016இற் கண்டனர். இத்தனை கருவிகளையும் பூட்டி வைத்திருக்கும் ஒரு பிராணிக்கு, வாயருகே புழுவை நீட்டி ஊட்டுவது வேட்டைக்காரனுக்குக் கரண்டியாற் பால் பருக்குவது போலல்லவா?

ஆதலாற் பலகாரமாக நாம் சிறுமிக்குச் சொன்னவை மூன்று. பட்டுப்புழு ஒன்று: மென்மையானது, கொழுப்புக் குறைந்தது, இலையில் ஊர்ந்து திரிவது. இரண்டாவது, புகையிலையையும் தக்காளியையும் அழிக்கும் கொம்புப் புழு. பெரும்பகுதி நீரே ஆகையால் வயிற்றுக்குப் பாரமாகாது. நீல நிறமாக இருப்பதால் உடனே கண்ணிற் படும். ஆனால் இதனைச் செயற்கை உணவில் வளர்த்த கடையிலேயே வாங்கவேண்டும். தக்காளிச் செடியிற் பிடித்தது செடியின் நஞ்சையும் உடன் கொண்டுவரும். மூன்றாவது, முன்னர் சொன்ன கறுப்புச் சிப்பாய் ஈ. புழுக்களிற் சிலவற்றை வெப்பமான இடத்தில் ஒரு சாடியில் விட்டுவைத்தால், கூட்டுப்புழுவாகி, பின்னர் ஈயாகிப் பறக்கும். அந்த ஈ கடிக்காது, கொட்டாது. கூட்டினுள் அது பறக்கத் தொடங்கினால், சோம்பிக் கிடந்த பச்சோந்தியும் எழுந்து கண்களை உருட்டும். எம் எண்ணத்தில் மூன்றிலும் சிறந்த பலகாரம் இதுவே.

கொடுக்கத் தகாதனவும் உண்டு. மின்மினியை மறந்தும் கொடுத்தல் ஆகாது. அமெரிக்க மின்மினிகள் சிலவற்றின் உடம்பிலே இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. அவற்றைத் தின்ற தாடி ஓணான்கள் சில மணி நேரத்திற்குள் இறந்த செய்தி 1999இல் ஒரு விஞ்ஞான சஞ்சிகையில் வெளிவந்தது. தோட்டத்திற் பிடித்த பூச்சிகளும் நம்பத் தக்கன அல்ல. அவற்றின்மேல் எந்த மருந்து தெளிக்கப்பட்டிருக்கும் என்பதை யார் அறிவார்?

இனி அந்த நாலு வரிக்கு வருவோம். சில்லூறு வேண்டாம், மெழுகுப் புழுதான் வேண்டும் என்று பச்சோந்தி அடம்பிடிப்பது உண்டு. பிள்ளைகள் சோற்றை ஒதுக்கிவிட்டு இனிப்பைக் கேட்பது போன்றதே. வளர்ந்த, நல்ல நிலையிலுள்ள பச்சோந்தியாயிற் சில நாள் பலகாரத்தை நிறுத்திவைத்தாற் பசி வந்து சோற்றுக்குத் திரும்பும். தந்தையார் எம்மிடம் எதிர்பார்த்த அறிவுரையும் இதுவாகத்தான் இருக்கவேண்டும். ஆனால் முன்னங்கால் வளைந்திருக்கின்றது என்ற சொல் இந்த அறிவுரையைத் தடுத்துவிட்டது. கல்சியம் குறைந்த உடம்பிலே எலும்பு மாத்திரம் மெலிவதில்லை, தசைகளும் தளரும். நாக்கை எய்து இழுக்கும் வலுக் குறையும். தாடையென்பு மென்மையாகிக் கடினமான பூச்சியைக் கடிக்க இயலாது போகும். அத்தகைய பச்சோந்தி சில்லூற்றைப் பார்க்கும், விரும்பும், ஆனால் எய்யாது. வாயருகே மென்மையான புழு ஒன்றை நீட்டினால் வாங்கிக்கொள்ளும். பார்ப்பவர்க்கு அது செல்லப்பிடிவாதம் போலவே தோன்றும். வேண்டாம் என்பதும் முடியாது என்பதும் ஊமைப் பிராணியிடம் ஒன்றுபோலவே இருக்கின்றன. பட்டினி போட்டிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதை நாம் எழுத விரும்பவில்லை. பலகாரமோ இன்னும் கெட்டது. அது வயிற்றை நிரப்பி நோயை மறைத்துக்கொண்டே, இருந்த கொஞ்சக் கல்சியத்தையும் கரைத்துவந்திருக்கின்றது.

வைத்தியர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். எலும்புகள் நிழல்போல் மங்கிக் கிடந்தனவாம். தாடையைத் தொட்டபோது சற்று வளைந்து கொடுத்ததாம். "கல்சியத் தூள் தவறாமல் தூவினோமே" என்று தந்தையார் மனம் நொந்திருக்கின்றார். அவர் பொய் சொல்லவில்லை. தவறு விளக்கிலே இருந்தது. உண்ட கல்சியம் உடம்பில் ஏறுவதற்கு டி3 விற்றமின் வேண்டும். அதனைத் தோலிலே உண்டாக்குவது வெயிலின் கழியூதாக் கதிர். வீட்டுக்குள் வளரும் பச்சோந்திக்கு அக்கதிரைத் தருவதற்கென்றே விசேட விளக்கொன்று உண்டு. அவர்கள் அதனை விலை கொடுத்து வாங்கி, கூட்டின் கண்ணாடி மூடிக்கு மேலே வைத்திருந்தனர். வெளிச்சம் கண்ணாடியூடாக நன்றாகவே விழுந்தது. ஆனால் டி3 விற்றமினை உண்டாக்கும் கதிரைச் சாதாரண கண்ணாடி தடுத்துவிடும். ஓராண்டு முழுவதும் அந்தப் பிராணி வெயிலில் இருப்பதாக நம்பி இருளிலே இருந்திருக்கின்றது. இவ்விளக்குகள் பழையனவானால், ஒளி குறையாதிருக்கவும் கதிர் குறைந்துவிடும் என்பதையும் வளர்ப்போர் அறிந்திருத்தல் நன்று.

எம்மிடம் உயிரியல் படித்தவர் இதனைத் தவறவிட்டாரே என்ற எண்ணம் எமக்கு எழாமலில்லை. விற்றமின் டி பற்றிய பாடத்தை நாம் அவருக்குப் படிப்பித்தபோது கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னோமா என்பதும் எமக்கு நினைவில்லை.

அந்தத் தீபாவளிக்கு மரகதத்துக்குக் கிடைத்த பலகாரம் வைத்தியர் தந்த கல்சியப் பாணி. சிறு குழாயால் நாள்தோறும் வாயில் விட்டார்கள். அந்தப் பாணியை விழுங்கச் செய்வதற்கே ஒரு மெழுகுப் புழு. மூடியை வலைக்கம்பியாக மாற்றிப் புதிய விளக்கு வைத்தார்கள். வாரங்கள் சென்றபின் தாடை உறுதியாயிற்று. முன்னங்கால் வளைந்தபடியே இருக்கின்றது. இனி நேராகாது என்று வைத்தியர் சொல்லிவிட்டாராம். கொம்பிலே நடக்கும்போது மரகதம் இடப்பக்கம் சற்றுச் சாய்ந்தே நடக்கின்றதென்று சிறுமி எழுதியிருக்கின்றாள்.

அவளுடைய இரண்டாவது கடிதம் தைப்பொங்கலுக்குப் பின்னர் வந்தது. எழுத்துக்கள் முன்னையிலும் ஒழுங்காக நிற்கின்றன. சாடியில் விட்ட புழுக்களிற் பதினொன்று ஈயாயினவாம். முதல் ஈயைக் கூட்டுக்குள் விட்டபோது மரகதம் நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்ததாம். ஒரு முறை நாக்கை எய்து தவறவிட்டதாம். இரண்டாம் முறை பிடித்துவிட்டதாம். பூச்சிப் பெட்டி இருக்கும் பக்கமே போகாத தாயாரும் அப்பொழுது வந்து கதவடியில் நின்று பார்த்தாராம்.

கடிதத்தின் ஈற்றில், அடுத்த பொங்கலுக்குச் சில்லூறுகளுக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்டிருக்கின்றாள். கரட்டும் கீரையும் போதும், பொங்கல் வேண்டாம் என்று பதில் எழுதியுள்ளோம்.